மூணாம் குழிக்கும் ஆறாம் குழிக்கும் நடுவே

கோல்ஃப் மைதானத்தில் மார்ஷல் என்றால் பெரிய உத்தியோகம் என்று எங்கள் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள்; உண்மையில் தொப்பி போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கத்துகிற வேலை. ரயில்வே கேட்டிலோ பார்க்கிங்கிலோ நின்று தொண்டை வறளக் கத்தியும் ஒருத்தரும் காதில் வாங்காமல் போன அனுபவம் உங்களுக்கு உண்டா? வாங்க, நாம ஒரே கட்சி.

இடம் சின்னது, ஆசை பெருசு

திருவிடந்தை தாண்டிக் கடலோரமாக ஒரு சவுக்குத் தோப்பு. அதை வாங்கி ஓட்டல் கட்டினார்கள். மிச்ச நிலத்தில் ஒன்பது குழிக்குக் கோல்ஃப் மைதானம் போட்டார்கள். ஒவ்வொரு குழிக்கும் நீளமாக ஒரு புல்வெளி வேண்டும். அங்கே ஏது அவ்வளவு இடம்? மூணாவதையும் ஆறாவதையும் ஒட்டி ஒட்டிப் போட்டுவிட்டார்கள். புதுசாக ஆட வருகிறவர்கள் அடிக்கிற பந்து பெரும்பாலும் வலது பக்கம் வளைந்து ஓடும். மூணாவதுக்கு வலது பக்கம்தான் ஆறாவது. நடுவில் ஒரு வரிசை சவுக்கை விட்டுவைத்ததால் பிழைத்தோம்.

"மேப்ல இடிக்கலையேப்பா, அப்புறம் என்ன?" என்றார் எங்கள் மேனேஜர்.

குந்து, தலையை மூடு

பந்து யார் பக்கமாவது பறந்தால் "ஃபோர்!" என்று கத்துவது இந்த ஆட்டத்தின் வழக்கம். கேட்டவர் திரும்பாமல் குந்தித் தலையை மூடிக்கொள்ள வேண்டும். நம்ம ஊரில் யார் குந்துவார்கள்? நிமிர்ந்து, கூப்பிட்டது யாரென்று முகத்தைக் காட்டுவார்கள். புல் வெட்டுகிற பெண்கள் எல்லாரும் அப்படித்தான். அதிலும் கஸ்தூரி கையை ஆட்டி "இன்னாண்ணா?" என்று வேறு கேட்பாள். டீ நேரத்தில் நான் "ஃபோர்" என்பேன், அவர்கள் சிரித்துச் சிரித்துக் குந்துவார்கள். அப்படித்தான் பழக்கினேன்.

"கூப்ட்டா திரும்பாம குந்திக்கினா, திமிரு புடிச்சவன்னு சொல்ல மாட்டாங்களாண்ணா?" என்றாள் கஸ்தூரி.

காற்று

கல்யாண போட்டோவுக்குக் கடல் தெரியவில்லை என்று அந்தச் சவுக்கு வரிசையை வெட்டினார்கள். வலையாவது கட்டுங்கள் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். வலையும் போட்டோவில் விழுமாம். சனிக்கிழமைதோறும் ஐ.டி. கம்பெனியிலிருந்து ஒரு பையன் ஆட வருவார். தங்கமானவர், வேலைக்காரர்களிடம் மரியாதையாகப் பேசுவார். மரத்தை வெட்டின அடுத்த சனிக்கிழமை மூணாவதில் நின்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"இப்பதாங்க காத்தே வருது!"

அம்மா

அவர் அடித்த பந்துதான். வலது பக்கம் வளைந்தது. ஆறாவதில் கஸ்தூரி குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கத்திவிட்டார். பதற்றத்தில் ஆட்டத்து வார்த்தை வரவில்லை, "அம்மா! அம்மா!" என்றார். மனுஷன் பதறினால் அதுதானே வரும்? "ஃபோர்" என்றிருந்தால் குந்தியிருப்பாள். அம்மா என்றதும் நிமிர்ந்து திரும்பினாள். பந்து இடது கண்ணில் பட்டது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பிள்ளை சுவரில் முட்டிக்கொண்டு அழுதது. அதைப் போய் எப்படித் திட்டுவது? என் கோபமெல்லாம் அந்த மேப்பின் மேல்தான். அந்தக் கண்ணுக்கு இனி பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள். கட்டுப் போட்ட முகத்தோடு கஸ்தூரி என் கையைப் பிடித்தாள்.

"அம்மான்னு கூப்ட்டாருண்ணா. அதுக்குக்கூடவா திரும்பக் கூடாது?"

கயிறு

மறுநாளே மூணாவதில் பந்து அடிக்கிற மேடைக்குக் குறுக்கே கயிறு கட்டினேன். யார் அவிழ்த்தாலும் திரும்பக் கட்டினேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. கஸ்தூரியோடு புல் வெட்டுகிறவர்கள் ஆறாவதில் கால் வைக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. கடைசியில் இரண்டையும் மூடினார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உன்னைக் கத்தத்தானே வெச்சோம், கயிறு கட்டவா வெச்சோம்?"

வீட்டுக்குப் போகிற நேரம்

கஸ்தூரி வேலைக்குத் திரும்பினாள். மூடிப்போட்ட இடத்தில் இப்போது சவுக்குக் கன்று நடுகிறாள். அங்கே இனி பந்து வர வழியில்லை. அவள் மகள் செல்வி சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்வருகிறவள். லீவு நாளில் வண்டியில் வந்து தாயை அழைத்துப் போவாள். போன வாரம் வேலியோரம் வண்டியை நிறுத்தி "அம்மா!" என்று கூப்பிட்டாள்.

கன்றைப் போட்டுவிட்டுக் கஸ்தூரி அப்படியே குந்தினாள், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு. திரும்பவே இல்லை. செல்வி ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளை மெல்ல விலக்கினாள்.

"யம்மா, நான்தாம்மா. உன் பொண்ணு."

ஒன்பது குழி ஏழானதில் எனக்குக் கத்துகிற வேலை குறைந்துவிட்டது. கஸ்தூரியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மட்டும், மேனேஜர் உட்பட எல்லாரும் அவள் முன்னால் நடந்துபோய் நின்றுதான் பேசுகிறோம்.