மூன்றாவது பெஞ்சில் தூங்கியவன்

இருபத்தொன்பது வருஷமாக எங்கள் சபைக்கு ஒரே போதகர்தான். அத்தனை வருஷமும் அவர் பிரசங்கத்தில் நான் தூங்கியிருக்கிறேன். எனக்கு அச்சகத்தில் சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட். விடிந்ததும் மை படிந்த விரல்களோடு நேரே வந்து மூன்றாவது பெஞ்சில் உட்காருவேன். வசனம் வாசித்து முடிப்பதற்குள் கண் சொக்கிவிடும். மனைவி முழங்கையால் இடித்தே ஓய்ந்துபோனாள். அவர் ஒரு வார்த்தை கடிந்திருந்தால் அன்றைக்கே கோயிலுக்கு முழுக்குப் போட்டிருப்பேன், என் கோபம் அப்படி. அவர் ஒன்றுமே சொன்னதில்லை.

போன மாதம் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். இனிமேல் குரல் வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வேறு ஆளைப் போடுவார்கள் என்றுதான் நினைத்தோம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரே பிரசங்க பீடத்தில் ஏறினார். பக்கத்தில் ஒரு கரும்பலகை. ஒரு வரி எழுதுவார், நாங்கள் வாசித்ததும் அழிப்பார், அடுத்த வரி எழுதுவார். நாற்பது நிமிஷம். அங்கியின் கையெல்லாம் சாக்பீஸ் தூள். ஒரு இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் ஒரு சீட்டில் ஏதோ எழுதி நீட்டினார்.

"இன்னைக்கு ஏன் தூங்கலை தம்பி? உடம்பு சரியில்லையா?"