சகலையின் லிஃப்ட்

முழங்கால் வலியால் என் மனைவி எங்கள் வீட்டு மாடிக்கு ஏறுவதை நிறுத்திய சமயத்தில்தான், அவள் தங்கையின் கணவர், அதாவது என் சகலை, ரேஸ்கோர்ஸ் பக்கம் ஐந்தாவது மாடியில் ஃப்ளாட் வாங்கினார். லிஃப்ட் வைத்த கட்டடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையில் அது பெரிய சங்கதி. அவள் அந்த லிஃப்டைப் பற்றிப் பேசிய அளவுக்கு என் உத்தியோகத்தைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

லிஃப்டைச் சகலை கண்டுபிடிக்கவில்லை என்று விளக்கினேன். கயிறும் கப்பியும் ரோமாபுரியிலேயே இருந்தன. கயிறு அறுந்துவிடுமோ என்ற பயத்தில்தான் மனிதர்கள் ஏறத் தயங்கினார்கள். அமெரிக்காவில் ஒருவர் கூட்டத்தின் முன்னால் உயரத்தில் நின்றுகொண்டு, தன்னைத் தாங்கிய கயிற்றையே வெட்டச் சொன்னார். பக்கச் சட்டங்களின் பற்களில் கொக்கி மாட்டிக்கொண்டது, மேடை விழவில்லை. அதன் பிறகே உயரமான கட்டடங்கள் வந்தன.

"இத்தனையும் தெரிஞ்சு நம்ம வீட்டுல இன்னும் படிதானுங்களே இருக்குது" என்றாள்.

கிரகப்பிரவேசத்துக்குப் பசுவும் கன்றும் வந்தன. கட்டில், பீரோ ஏற்றுவதற்கென்று அகலமாக வைத்த லிஃப்ட் அது. சகலை பசுவை அதில் ஏற்றப் போனார். நான் மின் ஆய்வுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆட்கள் போகும் லிஃப்டில் கால்நடையை ஏற்றக்கூடாது என்று உறவினர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். சகலையின் முகம் சுருங்கியது. அன்றைய விருந்தில் எனக்கு ருசித்தது அது ஒன்றுதான்.

கன்றோடு பசுவைப் படியில் ஓட்டினார்கள். ஆபீசுக்குப் போகும் குமாஸ்தாவைப் போல நிதானமாக ஏறிவிட்டது. ஆனால் இறங்க மறுத்தது. மாடு படி ஏறும், இறங்காது என்று எந்த விதிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இழுத்தார்கள், தள்ளினார்கள், அகத்திக்கீரையைக் காட்டினார்கள். கடைசியில் சகலை என்னிடம் வந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"ஏனுங்க சகலை, ஏத்தக்கூடாதுன்னு சட்டம் சொல்லுதுங்க. எறக்கறதுக்கு என்னங்க சொல்லுது?"

முதலில் சிரித்தது என் மனைவி.

கன்றை லிஃப்டுக்குள் விட்டதும் பசு தானாகப் பின்னால் போய் நின்றது. லிஃப்ட் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் இறங்கியது. எல்லோரும் சகலையைப் பாராட்டினார்கள், அவரே லிஃப்டின் மோட்டார் என்பது போல.

சாயங்காலம் கிளம்பலாம் என்று இருவரும் லிஃப்டில் கீழே வந்தோம். மனைவி லிஃப்டை விட்டு வெளியே வரவில்லை.

"நான் தங்கச்சியோட கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேனுங்க" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள்.

கிராதிக் கதவுக்குப் பின்னால் முதலில் அவள் முகம் மறைந்தது, பிறகு புடவைக் கொசுவம், கடைசியாகக் கால்கள். அந்தக் கால்களில் வலி இருப்பதாகவே தெரியவில்லை.