பாதியில் நின்ற பறவைப் படங்கள்

அச்சகத்தில் அவருக்கு வயர் என்றுதான் பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு வயரை மாலை மாதிரி போட்டுக்கொண்டு திரிவார். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். மாடிப்படிக்குக் கீழே நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஓர் அறை, ஒரு மின்விசிறி, ப்ராக்ஸி என்று ஒரு பெட்டி. அச்சகத்துக் கம்ப்யூட்டர்கள் இணையத்தில் எதைக் கேட்டாலும் அந்தப் பெட்டிதான் வெளியே போய் வாங்கிவந்து கொடுக்கும். அதைக் கட்டி மேய்ப்பதுதான் வயரின் வேலை. மனுஷனுக்கு அதில் ஒரு குறையும் கிடையாது.

அன்றைக்கு மட்டும் முகத்தில் ஈயாடவில்லை. பறவைகளைப் பற்றிய புத்தகம் ஒன்று அச்சுக்கு வந்திருந்தது. படங்கள் மொத்தமும் ஒரே ஃபைல், ஆனை கனம். இறக்கினால் பாதியில் நின்றுவிடும். நின்றதோடு விடாமல், முடிந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் கூசாமல் பொய் சொல்லும். சாயங்காலத்துக்குள் மாதிரிப் பக்கம் காட்டாவிட்டால் புத்தகம் வேறு அச்சகத்துக்குப் போய்விடும்.

முதலாளி கதவை மறித்துக்கொண்டு நின்றார். "படம் வரலன்னா உன் பெட்டியப் பிடுங்கிப் போட்டுட்டு, மேஜைக்கு மேஜை தனி லைன் இழுத்துடுவேன்."

வயர் முதலில் படம் அனுப்பியவர்களைத் திட்டினார். அப்புறம் லைன் கம்பெனிக்காரர்களை. பறவை ஃபைலை அனுப்பியவர்கள் பெட்டியின் முகவரிக்கு மட்டும்தான் கொடுப்பார்கள் என்பதால், பெட்டியைத் தொடாத நேர் லைனில் இன்னொரு பெரிய ஃபைலை இறக்கிப் பார்த்தார். முழுசாக வந்து உட்கார்ந்தது. பெட்டி வழியாக அதையே கேட்டால் பாதிதான். பிறகு இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் தொடங்கினார். வேகமானதில் நிறைய வந்தது, மந்தமானதில் கொஞ்சம். ஆனால் இரண்டும் ஒன்றாகவே நின்றன.

அப்படியானால் அளவு அல்ல, நேரம். யாரோ நேரம் வைத்து அறுக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. போன மாதம், பைண்டிங் பகுதியில் இருக்கிற அவருடைய மச்சினன் சினிமாவாக இறக்கி லைனை அடைத்துக்கொண்டிருந்தான். நேரில் சொன்னால் வீட்டில் அவன் அக்கா முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அதனால் எந்த இறக்கமும் கொஞ்ச நேரத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று வயர்தான் பெட்டிக்குச் சொல்லிவைத்தார். அவன் ஃபோனுக்கு மட்டும் வைக்கச் சோம்பல்பட்டு, கட்டடத்துக்கே வைத்துவிட்டார். வைத்ததையும் மறந்துவிட்டார்.

கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு நேரே பைண்டிங் பக்கம் போனார்.

"மாப்ள, இன்னிக்குப் பொழுதுக்கும் ஃபோனைத் தொடாத."

மச்சினன் பசையைத் துடைத்துக்கொண்டே ஏற இறங்கப் பார்த்தான். "ஏன் மாமா? ஒரு மாசமா எந்தப் படத்துலயும் வில்லன் சாகவே மாட்டேங்கிறான். அவனக் காப்பாத்துனது நீங்கதானா?"

"உங்க அக்காகிட்ட சொல்லாத."

"யோசிக்கிறேன்," என்று ஃபோனை அணைத்து அவர் கையிலேயே கொடுத்தான்.

ஃபைல் முழுசாக வந்தது. திறந்தது. பொழுது சாய்வதற்குள் மாதிரிப் பக்கம் ஈரம் காயாமல் போய்ச் சேர்ந்தது. அச்சடிக்கச் சொல்லி ஃபோனும் வந்துவிட்டது. மெஷின் ஓடுகிற சத்தத்தில் வயரின் அறைச் சுவர் அதிர்ந்தது. அந்தப் பக்கம் போன முதலாளி குனிந்து எட்டிப் பார்த்தார்.

"பெட்டி மேல என்னய்யா இவ்ளோ தூசி? தொடச்சு வை."

வயர் சட்டை நுனியாலேயே துடைத்தார்.