சிரட்டைக்கரி வாசம்

என் மனைவியின் மூக்குக்கு எங்கள் தெருவே பயப்படும். பக்கத்து வீட்டில் பால் அடிப்பிடிப்பது அந்த வீட்டுக்காரிக்குத் தெரியுமுன் இவளுக்குத் தெரிந்துவிடும். "யக்கா, அடுப்பப் பாருங்க" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே குரல் கொடுப்பாள்.

அப்படிப்பட்டவள் கறி விஷயத்தில் விட்டுக்கொடுப்பாளா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் மாடியில் கரி அடுப்பைப் பற்ற வைப்பாள். தேங்காய்ச் சிரட்டைக்கரி கனன்றதும் மிளகு தடவிய ஆட்டு நெஞ்செலும்பைக் கம்பி வலையில் அடுக்குவாள். கொழுப்பு உருகிக் கரியில் சொட்டும். அந்தப் புகை எழும்பித் திரும்பவும் கறியிலேயே ஏறும். மகள் பெங்களூரிலிருந்து ஓவன் வாங்கி அனுப்பியபோது, அதன் மேல்கம்பி சிவந்து வாட்டிக் கொடுத்த கறியில் இவள் ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"மேல இருந்து தீயக் காட்டினா கறி வேகும், யாரு இல்லன்னா? கொழுப்பு பூரா கீழ தட்டுல சும்மா கிடக்கு பாருங்க. புகையே இல்லாம வாசம் எங்கன இருந்து வரும்?"

அன்றிலிருந்து ஓவன் ரொட்டி சூடாக்கும் பெட்டியானது.

பிறகு கொரோனா வந்தது. காய்ச்சல் இருவருக்கும்தான். எனக்குப் போன வாசனை திரும்பி வந்தது, அவளுக்கு வரவில்லை. மருத்துவர் சொன்னபடி காப்பித்தூள், பெருங்காயம், கிராம்பு என்று காலையும் மாலையும் முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. முகர்வதை நிறுத்தினாள், அப்புறம் சமைப்பதையும் நிறுத்தினாள். "எதத் தின்னாலும் ஈரக் காகிதத்த மெல்லுத மாதிரி இருக்கு" என்றாள். ரவிக்கைகளெல்லாம் தொளதொளத்துப் போயின. 'உயிர் பிழைச்சதே பெரிசு' என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது எனக்கு.

மாடி அடுப்பை நான் எடுத்துக்கொண்டேன். எந்த வாசம் வராவிட்டாலும் அந்தப் புகை வாசம் அவளுக்கு வந்துவிடும் என்று நம்பினேன். ஞாயிறுதோறும் கறித்தட்டை நீட்டிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"வருதா?"

தலையை ஆட்டுவாள். இல்லை. வருஷம்தான் போனது.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு. அவள் ஆராதனைக்குப் போயிருந்தாள். மாடிக்குப் போனால், முந்தின நாள் மழையில் கரிச்சாக்கு நனைந்து கிடந்தது. ஊதி ஊதி என் கண்தான் சிவந்தது, கரி சிவக்கவில்லை. கறி வீணாகிவிடுமே என்று கீழே வந்து ஓவனில் வைத்தேன். மேல்கம்பி கறியை வாட்டியது, கொழுப்பு சத்தமில்லாமல் தட்டில் இறங்கியது.

அவள் வந்தாள், கை கழுவினாள், ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள்.

"ஏங்க, வருதுங்க. சிரட்டைக்கரி வாசம் லேசா வருது."

கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் ஓவன் நினைவுக்கு வந்தது.

சமையலறை முழுக்க அந்தப் பெட்டியின் சூடும் காய்ந்த கொழுப்பின் வாடையும் நிறைந்திருந்தன. அதைத் தாண்டித்தான் அவள் வந்திருந்தாள். வாரா வாரம் அவள் முகத்தைப் பார்த்து நிற்கும் என்னைப் பார்த்து அவளுக்குப் பாவமாகப் போயிருக்க வேண்டும். நோயாளி அவள், ஆறுதல் எனக்கு. அவள் சேலை மாற்றப் போன நேரத்தில் ஓவன் தட்டைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன்.

அடுத்த ஞாயிறு புதுக்கரி வாங்கி வந்து மாடியில் மூட்டினேன். அவள் சொன்னது இந்த வாரமாவது மெய்யாகட்டும் என்ற நப்பாசை. புகை தெருமுனை வரை போனது. பக்கத்து வீட்டு அக்காவே எட்டிப் பார்த்து, "என்ன, இன்னைக்கு வாசம் ஆளைத் தூக்குது?" என்றாள்.

கீழே வந்து தட்டை நீட்டினேன். இந்த முறை நான் எதுவும் கேட்கவில்லை. அவளே முகர்ந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"போன வாரம் மாதிரியே மணக்குங்க."