மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு புட்டி

எங்கள் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு ஒரு கண்ணாடி மருந்துப் புட்டியும் இருக்கும். அடியில் நாலைந்து மாத்திரைகள். மூன்று கரு கலைந்தபின் நான் தங்கியது அந்த மாத்திரையால்தான் என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். "மாதாவும் மாத்திரையும் குடுத்த புள்ளை இவன்." ஜெபம் முடிந்ததும் புட்டியையும் தொட்டுக் கும்பிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. எண்பதுகளில் கம்பைநல்லூர்ப் பக்கம் இதற்கு ஆம்பளையைச் சோதிப்பார்களா என்ன? என் மனைவியைத்தான் கரித்துக் கொட்டினார்கள். அம்மாவும்தான். நானோ வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கட்டிய சேலையோடு அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. யாரிடமும் சொல்லாமல் சேலத்துக்குப் போனேன். விந்தில் உயிரணுவே இல்லை, விதைகளும் சிறுத்திருக்கின்றன என்றார் டாக்டர்.

"உங்கம்மா மாசமா இருக்கிறப்ப ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டாங்களா?"

புட்டியில் ஒட்டியிருந்த பெயர் எனக்கு மனப்பாடம். சொன்னேன்.

"அது செயற்கையாச் செஞ்ச பெண் ஹார்மோனுங்க. கரு தங்கும்னு நம்பிக் குடுத்தாங்க. அதனால தங்கறதில்லைன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. வயித்துல இருக்கிற ஆம்பளப் புள்ளையோட விதையை அது பாதிக்கலாம். உங்களுக்கு அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க."

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எத்தனை குழந்தைங்க என்று கேட்டார். ரெண்டுங்க என்றேன். பெயர் கேட்டுவிடுவாரோ என்று தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தனை கூட்டத்திலும் அப்படி ஒரு தனிமையை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போட்டு உடைத்தேன். "குறை அவகிட்ட இல்லம்மா. எங்கிட்டத்தான். டாக்டரே சொல்லிட்டாரு."

அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "ஐயோ மாதாவே, அந்தப் புள்ளைய என்ன பாடு படுத்திட்டேன்! நாளைக்கே நான் போயி கால்ல வுழுந்தாவது கூட்டியாறேன்" என்று அழுதாள். காரணத்தையும் சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அவள் மாதா படத்தருகே போய்ப் புட்டியை எடுத்து, மஞ்சளாகிப் போன ஒரு மாத்திரையை என் உள்ளங்கையில் கொட்டினாள்.

"இதைப் போட்டுக்க கண்ணு. உன்னைய எனக்குக் குடுத்தது இதுதான். உனக்கும் ஒண்ணைக் குடுக்கும்."

தண்ணீர்ச் சொம்போடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அதை விழுங்கினேன்.