கீழறையில் நான் உட்கார்ந்த இடம்

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். நடுராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகல் ஒன்றரை மணிக்கு நடந்தது இது. 

நேப்பிள்ஸில் பழைய தேவாலயங்களுக்குள் படமெடுப்பது என் பிழைப்பு. பிள்ளை பெற்ற பிறகு கிடைத்த முதல் வேலை, ஒரு கன்னியர் மடத்துக் கோவிலின் கீழறை. முன்பெல்லாம் செத்த கன்னியரை அங்கே கல் இருக்கைகளில் உட்கார வைப்பார்கள். இருக்கை நடுவில் ஓட்டை, அடியில் சட்டி. உடம்பு அழுகி வடிந்து எலும்பு மிஞ்சும் வரை அப்படியே இருக்கும். எங்கள் ஊரில் இன்றும் சண்டை வந்தால், "நீ வடிஞ்சு போக!" என்றுதான் திட்டுவார்கள்.

கைக்குழந்தை எலியோவோடு என் கணவர் அத்தீலியோ மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"பையனுக்குப் பால் நேரம். சீக்கிரம் வா. அங்கயே வடிஞ்சு போயிடாத!"

"மொதல்ல வாயைக் கழுவுங்க!"

சாவிக்காரி நுன்சியாம்மா கதவைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

எதிர்ச்சுவரில் ஆறு இருக்கைகள். சின்னச் சாளரத்திலிருந்து அவற்றின் மேல் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்கு, முக்காலியில் நிறுத்திய கேமரா நாலு நிமிடம் கண் திறந்திருக்க வேண்டும். தரைக்கல் வேறு ஆடியது. நான் நடந்தால் படம் கலங்கிவிடும். பொத்தானை அழுத்தி, கைவிளக்கை அணைத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. பின்னால் இருட்டில் துழாவினேன். ஓர் இருக்கை தட்டுப்பட்டது. உட்கார்ந்தேன்.

கல் சில்லென்று இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நனைந்த பஞ்சு மூட்டை போல மெத்தென்று இருந்தது. பாசி என்று நினைத்துக்கொண்டேன். ஸ்கர்ட் வழியே ஈரம் ஏறியது... வெதுவெதுப்பாக.

நாற்றம். வெயிலில் மறந்துபோன மீன் கூடையின் நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டேன். படம் கெட்டால் மறுபடி நாலு நிமிடம் இருக்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சொட்... சொட்...

எனக்கு அடியில்தான்.

இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தது. வழவழவென்று.

வலது கைப்பிடி மெல்ல நகர்ந்தது...

என் வயிற்றைச் சுற்றிக்கொண்டது.

ஓடினேன்.

மேலே வந்து பிள்ளையை மடியில் வைத்தேன். மூச்சடைக்க அலறினான். மாரில் வாய் வைக்கவே இல்லை. ஸ்கர்ட்டில் மஞ்சளாக, பிசுபிசுவென்று... சீ! வீட்டுக்குப் போய்த் தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தேன். ஸ்கர்ட்டை எரித்தேன். அவன் என்னிடம் வரவில்லை. அத்தீலியோதான் புட்டிப்பால் கொடுத்தார்.

மறுநாள் கேமராவை எடுக்க நுன்சியாம்மா பெரிய விளக்கோடு கூட வந்தாள். இறங்கும்போதே நடந்ததைச் சொன்னேன்.

"எதுலடி உக்காந்த?"

"கேமராவுக்குப் பின்னால இருந்துச்சே, அதுல."

"பின்னாலயா? கிறுக்கா உனக்கு? இருக்கிறதே அந்த ஆறுதான்!" விளக்கைத் திருப்பினாள். "இந்தப் பக்கம் என்னைக்குமே வெறும் செவுரு."

தரை முதல் கூரை வரை சுண்ணாம்புச் சுவர். ஒரு கல்கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. தரை காய்ந்து கிடந்தது.

அப்படியானால், நான் யார் மடியில் உட்கார்ந்திருந்தேன்?

எலியோவுக்கு இப்போது மூன்று வயது. ஊரார் மடியில் எல்லாம் தாவி ஏறுவான். என் மடிக்கு மட்டும் வர மாட்டான். கூப்பிட்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறான்.

"வேணாம்மா... ஈரமா இருக்கு."