மூடி போட்ட தொட்டி

மெர்சி அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் இது தெரியும். அவள் குரல் இறங்கினால் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்ப்போம்.

ஆபீஸ் என்றால் சத்துவாச்சாரியில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இரண்டு அறை. வெளிநாட்டுக் கம்பெனிகள் தயாரிக்கும் வீடியோ கேம்களுக்குச் சுவர், கதவு, துருப்பிடித்த குழாய், செத்த மிருகம் என்று எது கேட்டாலும் கம்ப்யூட்டரில் செய்து அனுப்புவோம். அக்கா கட்டும் சுவர்களுக்கு நிறமும் அழுக்கும் பூசுவது என் வேலை. அவளுக்குப் பக்கத்து நாற்காலி.

தினமும் ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா துரைசாமி, தோல் பதனிடும் டேனரி ஒன்றில் தோல் ஊறும் டிரம் ஓட்டினவர். அம்மா சவுரியம்மாள் ஷூ கம்பெனியில் பசை தடவி ஒட்டும் பேஸ்டிங் டேபிளில் இருக்கிறார். அக்கா பிளஸ் டூ படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அம்மா பக்கத்திலேயே ஒரு டேபிள் தருகிறோம், பெண்ணை அனுப்பு என்று ஷூ கம்பெனியில் சொன்னார்களாம். அக்கா மாட்டேன் என்றுவிட்டு காட்பாடியில் அனிமேஷன் படிக்கச் சேர்ந்தாள். பொம்மை வரையப் போகிறாள் என்று தெருவே கேலி பண்ணியது. அம்மாவும் சேர்ந்துகொண்டார்.

ஒருமுறை அவளோடு ஆம்பூர் போனேன். பஸ் டேனரிகளைத் தாண்டும்போது முன் சீட்டில் இருந்த காலேஜ் பையன் கர்ச்சீப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு, இந்த நாற்றத்தில் மனுஷன் எப்படித்தான் இருக்கிறானோ என்றான். அக்கா முன்னால் குனிந்தாள். குரல் இறங்கியது.

"தம்பி, கால்ல போட்டிருக்கியே ஷூ, அத கழட்டி மோந்து பாரு. எந்த ஊரு நாத்தம்னு தெரியும்."

பையன் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டான். அது அவன் இறங்க வேண்டிய இடம் இல்லை என்று நினைக்கிறேன்.

போன வருஷம் அந்த வேலை வந்தது. திரையில் துப்பாக்கி பிடித்த கைகள் மட்டும் தெரிய, வேற்று நிலவுகளில் சுட்டுக்கொண்டே போகிற பெரிய ஆட்டம் ஒன்று ஏற்கெனவே வந்து நன்றாக ஓடியிருந்தது. அதற்கு ஒரு சின்ன விரிவு செய்கிறார்கள். மூல ஆட்டத்தை வாங்காதவர்களும் இதைத் தனியாக ஆடலாம், ஒரே சாயங்காலத்தில் முடித்துவிடலாம். ஒரு நிலவில் ராட்சத மிருகங்களைக் கொன்று, தோலைப் பதப்படுத்தி, படைவீரர்களுக்குக் கவசம் செய்யும் கம்பெனி இருக்கிறது. படையை விட்டு ஓடிவந்த ஒருவன் சாக்கடை வழியாக அதற்குள் நுழைகிறான். அந்தத் தோல் தொழிற்சாலை முழுவதும் எங்கள் பங்குக்கு வந்தது.

மாதிரிக்கு அவர்கள் அனுப்பிய படங்களில் எல்லாம் பளபளவென்று எஃகு. அக்கா ஒரு தடவை பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளிவிட்டாள். ஆளைவிடப் பெரிய மர டிரம்கள் சுற்றும் கூடத்தைக் கட்டினாள். தரை வழுக்கும். ஈரத்தோல் அடுக்கு அடுக்காகக் கிடக்கும். குரோம் உப்பில் ஊறிய தோலின் வெளிர் நீலத்தை நான் பூசி அனுப்பியபோது, இதுவரை யாரும் பார்க்காத வேற்றுலக நிறம் என்று அங்கிருந்து பாராட்டு வந்தது.

"ஆம்பூர் பைபாஸ்ல லாரி லாரியா போவுது," என்றாள் அக்கா. அன்றைக்கு மட்டும் சிரித்தாள்.

கடைசி அறையில் கழிவுத் தொட்டி. அங்கே ஒரு காட்சி வைக்கலாம், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று விட்டிருந்தார்கள். ஆட்களின் நடமாட்டத்தைச் செய்யும் பூர்ணிமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அக்கா அதைச் செய்தாள். பம்பு அடைத்துக்கொள்ளும். ஒரு தொழிலாளி பார்க்க இறங்குவான், ஏறி வரமாட்டான். இரண்டாமவன் விளிம்பில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான், பிறகு அவனும் இறங்குவான். தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மூன்றாமவன் ஓடிவந்து எட்டிப் பார்ப்பான். இறங்குவான். ஆடுகிறவன் இதையெல்லாம் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கவேண்டும். கையில் துப்பாக்கி இருக்கும். சுட எதுவும் இருக்காது.

பூர்ணிமாவுக்கு ஒரு சந்தேகம். இரண்டு பேர் விழுந்து கிடப்பது மூன்றாமவனுக்குத் தெரிகிறதே, அவன் ஏன் இறங்குகிறான்?

அப்போதுதான் அக்கா சொன்னாள். டேனரித் தொட்டியில் முதலில் விழுந்தது பம்பு பார்க்கிற ரஃபி அகமது. அவரை இழுக்கப் போனது தனகோடி. மூன்றாவது அவள் அப்பா. சோற்றுக் கையைக்கூடக் கழுவாமல் ஓடியிருக்கிறார். உள்ளே விஷவாயு இருப்பது எல்லோருக்கும் தெரியும், கயிறு கட்டித்தான் இறங்கவேண்டும் என்பதும் தெரியும். ஆனால் கீழே கிடப்பவன் காலையில் தன்னோடு டீ குடித்தவன். கயிறு ஸ்டோர் ரூமில் பூட்டி இருக்கிறது. சாவி யாரிடம் என்று தேடிக்கொண்டு நிற்க முடியாது. எங்கள் ஜில்லாவில் இப்படிச் செய்திகள் வரும்போது எப்போதும் ஒரே ஒருவர் பெயரோடு நிற்காது.

மேனேஜர் வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் என்பதையும் சொன்னாள். "ஒருத்தன் விழுந்தா ஆபீஸ்ல சொல்லணும்மா. புத்தி இல்லாம ஒருத்தன் பின்னால ஒருத்தன் குதிச்சா கம்பெனி இன்னா பண்ணும்?" சவுரியம்மாள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். அந்தத் தண்ணீர்தான் அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை.

காட்சியை அனுப்பினோம். அங்கே சோதித்துப் பார்ப்பவர்கள் ஒரு பிழையைச் சுட்டி எழுதியிருந்தார்கள். தொழிலாளர்கள் அறிவில்லாமல் நடந்துகொள்கிறார்கள், ஒருவன் விழுந்ததும் மற்றவர்கள் தாங்களாகவே போய் விழுகிறார்கள், சரிசெய்யவும். அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். கடல் தாண்டிப் போனாலும் அதே மேனேஜர்தான் உட்கார்ந்திருக்கிறான் என்றாள். மனுஷர்கள் இப்படித்தான் செய்வார்கள், மாற்றத் தேவையில்லை என்று பதில் அனுப்பினாள்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். முன்னோட்டமாகச் சிலரை அழைத்து ஆடவிட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அதனால் காட்சி இருக்கட்டும், மூன்று பேரும் விழுந்து முடித்ததும் ஆடுகிறவனுக்கு ஒரு மெடல் கொடுப்போம், விழும் சத்தத்தை மட்டும் கொஞ்சம் வேடிக்கையாக்குங்கள் என்று கேட்டார்கள். எங்கள் டீம் லீட் நவநீதன் சந்தோஷமாக வந்து, மொத்த ஆட்டத்திலேயே நம் காட்சிதான் ஹிட் என்றார்.

அக்கா எழுந்து நின்றாள். அவர்களோடு அடுத்த வீடியோ கால் எப்போது என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலம் கால் வந்தது. திரையில் அவர்கள் நான்கு பேர், இங்கே நாங்கள் நான்கு பேர். நவநீதன் பேச ஆரம்பிப்பதற்குள் அக்கா குறுக்கிட்டாள். இலக்கணம் பார்க்காத ஆங்கிலம், ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக விழுந்தது. மூன்றாவதாக ஓடிவருகிறவர் என் அப்பா. அவர் முட்டாள் இல்லை. நீங்கள் சிரித்த இடத்தை, எல்லோரும் அவரைப் பார்க்கட்டும் என்றுதான் செய்தேன். மெடலை எடுங்கள், காட்சியை அப்படியே விடுங்கள்.

அந்தப் பக்கம் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொரு அம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். மிகவும் வருந்துகிறோம், சொன்னதற்கு நன்றி என்றார்கள். குரலில் பொய் இல்லை. கால் முடிந்ததும் பூர்ணிமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்றே நானும் நினைத்தேன்.

மறுநாள் முடிவு வந்தது. இறந்தவர்களின் குடும்பத்தைப் புண்படுத்தக்கூடாது என்பதால் மெடலும் இல்லை, காட்சியும் இல்லை. மூன்று ஆட்களையும் நீக்கிவிட்டுத் தொட்டிக்கு ஒரு மூடி போட்டுவிடுங்கள்.

"நீங்க கேட்டதுதாங்க," என்றார் நவநீதன். "மரியாதையாதான் பண்ணியிருக்காங்க."

"நான் மெடல தூக்கச் சொன்னேன். ஆளுங்கள தூக்கச் சொல்லல."

"சென்சிடிவ் விஷயம் மெர்சி. நமக்கு ஏன் பேஜாரு?"

அக்காவின் குரல் ஏறக்குறையக் கேட்கவே இல்லை. நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

"எங்கப்பாவ தொட்டியிலருந்து எடுத்து கேட்டுக்கு வெளிய ரோட்ல படுக்க வச்சாங்க. கம்பெனிக்குள்ள யாரும் சாவலன்னாங்க. சிரிச்சவன கூட நான் மன்னிப்பேன் நவநீதன். அவன் மூணு பேர பாத்தான். நீங்க மூடி போடறீங்க."

அந்த மூடியைச் செய்யமாட்டேன் என்றுவிட்டாள். ஏற்கெனவே செய்து வைத்திருந்த பொருள்களிலிருந்து ஒரு எஃகு மூடியை எடுத்து நவநீதனே பொருத்தினார். அது அந்த அறைக்குச் சேரவில்லை. விண்கப்பலில் இருந்து கழன்று விழுந்தது போல் பளபளத்தது. 

ஆட்டம் வெளியான அன்று ஆபீஸில் கேக் வெட்டினோம். பெரிய டிவியில் அதைப் போட்டார்கள். முதலில் நான் என்று அக்கா கண்ட்ரோலரை வாங்கிக்கொண்டாள். சாக்கடையில் ஊர்ந்து, டிரம்களுக்கு நடுவே ஓடி, வழியில் வந்த ஒன்றையும் சுடாமல் தப்பித் தப்பிக் கடைசி அறைக்கு வந்தாள். கம்பி வலை இப்போது இல்லை. நேராக மூடிக்கு முன்னால் போய் நின்று சுட ஆரம்பித்தாள்.

குண்டு பட்ட இடத்தில் தடம்கூட விழவில்லை. தடம் விழும்படி அது செய்யப்படவில்லை. துப்பாக்கி காலியானது. அடுத்ததை எடுத்தாள். கேக் தட்டோடு நின்றவர்கள் டிவி பக்கம் திரும்பினார்கள்.

"அங்க ஒண்ணும் இல்லங்க," என்றார் நவநீதன். "கதவு இடது பக்கம்."

அக்கா மூடியையே சுட்டாள். பின்னாலிருந்து கம்பெனியின் காவலாட்கள் வந்தார்கள். திரை ஓரங்களில் சிவந்தது. திரும்பிச் சுடுங்கக்கா, திரும்பிச் சுடுங்க என்று பூர்ணிமா கத்தினாள். அக்கா திரும்பவில்லை. திரை இருண்டது. ஆட்டம் அவளை மறுபடியும் அறை வாசலில் கொண்டுவந்து விட்டது. மறுபடியும் மூடியிடம் நடந்தாள்.

இரண்டாவது தடவையும் இருண்டபோது நவநீதன் கையை நீட்டினார், மற்றவர்களும் ஆடட்டுமே என்றார். அவள் கண்ட்ரோலரைத் தரவில்லை. தட்டை மேஜையில் வைத்துவிட்டு அவர் வெளியே போனார். அவர் பின்னால் இரண்டு பேர் போனார்கள். பூர்ணிமா நாற்காலியை இழுத்து அக்கா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். டிவியில் துப்பாக்கிச் சத்தம் மறுபடி தொடங்கியது.